மணப்பாடு: கடலும் கோயிலும் ஒரே பயணத்தில்

மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவில் ஒரு சுற்றுலா பெயர்பெற்றது. ஜனவரி முதல் மார்ச் வரை சான் இக்னாசியோ காயலில் குட்டி ஈன வரும் சாம்பல் திமிங்கலங்களைப் படகில் போய்ப் பார்ப்பார்கள். 1697 தொடங்கி இயேசு சபையார் நிறுவிய பழைய மிஷன் ஆலயங்களுக்கும் போவார்கள். அவற்றுள் ஒன்று, 1699-இல் பிரான்சிஸ் சவேரியார் பெயரில் தொடங்கப்பட்டது. அந்தச் சவேரியார் நடமாடிய கரை நம்முடையது. மேலநீலிதநல்லூரில் காலையில் புறப்பட்டால், திருநெல்வேலி, பாளையங்கோட்டை வழியாக மதியத்துக்குள் மணப்பாட்டை அடையலாம். திமிங்கலத்தின் கதையும் மிஷன் வரலாறும் ஒரே ஊரில் கூடிவரும் இடம் அது. அங்கே அப்படியொரு பயணம் வேண்டும். அதை நடத்திச் செல்பவர்கள் அந்தக் கரையின் மீனவர்களாகவே இருக்க வேண்டும்.

காரணம், இரண்டு கதைகளுமே அவர்களுடையவை. 1530-களில் இந்தக் கரையான முத்துக்குளித்துறையில் போட்டியாளர்களின் நெருக்கடிக்கு ஆளான பரதவ மீனவர்கள், போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்த மன்றாட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் தங்கியதாகப் போற்றப்படும் குகை மணப்பாட்டுக் கடலோரக் குன்றில் இருக்கிறது. திருச்சிலுவை ஆலயம் 1581-இல் எழுந்தது. சவேரியாரிடம் மன்றாட்டு கற்ற பிள்ளைகளின் வழிவந்தவர்கள்தான் இன்றும் அங்கே வள்ளம் இறக்குகிறார்கள்.

திமிங்கலக் கதையிலும் முன்னே நிற்பவர்கள் அவர்களே. 2016 ஜனவரி 11 அன்று மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கரைகளில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின. மீனவர்களும் வனத்துறையினரும் கயிறு கட்டிப் படகால் இழுத்து அவற்றைக் கடலில் விட்டார்கள். விட்டவற்றுள் பல மறுபடியும் கரைக்கே திரும்பின. இவ்வினம் குடும்பக் கூட்டமாக வாழ்வது, ஒன்றை விட்டு ஒன்று பிரியாதது. கூட்டத்தில் சில தரைதட்டினால் மற்றவை ஆழ்கடலுக்குப் போகாமல் அருகிலேயே சுற்றும். 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. இந்த இரு நிகழ்வுகளையும் தெரிந்துகொண்டு அந்த மணலில் நிற்பவருக்குக் கடல் வெறும் காட்சியாகத் தெரியாது.

மணப்பாட்டை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் திமிங்கலம் நினைத்த நேரத்தில் கண்ணில் படாதே, பிறகெப்படி சுற்றுலா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்டிப்பாகக் காட்டுவோம் என்று காசு வாங்குவதால் வரும் கேட்டை இலங்கையின் மிரிஸ்ஸாவில் பார்க்கிறோம்: ஒரு நீலத் திமிங்கலம் மேலே வந்தால் நாலா பக்கமும் படகுகள் சூழ்ந்துகொள்கின்றன. சான் இக்னாசியோவிலோ, உள்ளூர்ப் படகோட்டிகளுக்குத்தான் அனுமதி. ஒரே நேரத்தில் இத்தனை படகுதான் என்ற வரம்பும் உண்டு. திமிங்கலங்கள் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. எனவே நம் பயணம் கரையிலிருந்தே நடக்கட்டும். குன்றின் மேல் நின்று நீரோட்டத்தையும் காற்றையும் மீன் வரத்தையும் படிக்கக் கற்றுத்தர, கடலிலேயே வளர்ந்தவரைவிடத் தகுதியானவர் யார்?

மிஷன் வரலாறு ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியது என்பது அடுத்த மறுப்பு. ஆனால் 1820-இல் மிஷனரி ரேனியஸ் வந்து பணியாற்றிய பாளையங்கோட்டை இன்று எல்லாரும் படிக்க வரும் ஊர். 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த மிஷனரி கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. தமிழ் படிக்கும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதே சமயம் இது புகழ்மாலையாகவும் ஆகிவிடக் கூடாது. திருமுழுக்கோடு முத்து வணிகத்தின் மீதான போர்த்துகீசியப் பிடியும் இறுகியதை வழிகாட்டி மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மீனவ இளைஞர்களுக்கு இதற்கான பயிற்சி தருவது பெரிய செலவல்ல. கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போக முடியாத நாட்களில் அது அவர்களுக்கு வருமானமும் ஆகும். வந்து போகிறவர்களுக்கோ, கரையொதுங்கிய உயிரை நெருக்காமல், அதன் மேல் ஏறிப் படமெடுக்காமல், உடனே வனத்துறைக்குச் சொல்லத் தெரிந்திருக்கும். இன்னொரு ஜனவரியில் திமிங்கலங்கள் கரை ஒதுங்கினால், வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குப் பதில் உதவத் தெரிந்த கூட்டம் அங்கே இருக்கும்.