ஹனோவரின் குளிர்காலம்

ஜெர்மனியின் வடபகுதியில், லோயர் சாக்சனி மாநிலத்தின் தலைநகரான ஹனோவரில் டிசம்பர் பிற்பாதியில் பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. மாலை நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். குடும்பங்கள் வெளியே கிளம்புவதோ அதன் பிறகுதான்.

நவம்பர் இறுதியில், பழைய நகரத்தில் செங்கல்லால் எழுந்த மார்க்ட் தேவாலயத்தைச் சுற்றிக் கிறிஸ்துமஸ் சந்தை கூடுகிறது. அருகிலுள்ள பால்ஹோஃப் சதுக்கத்தில் ஃபின்லாந்து கிராமம். வட துருவ வட்டத்தைத் தொடும் நாட்டின் சுவையைத் தேடி வருபவர்களுக்காக, அங்கே சால்மன் மீனைப் பலகையில் பொருத்தித் தீயருகே நிறுத்தி வாட்டுகிறார்கள். பெரியவர்களுக்குக் கிராம்பும் பட்டையும் சேர்த்துச் சூடாக்கிய ஒயின். பிள்ளைகளுக்கு அதே மணத்தில் பழச்சாறு. நம் நாக்குக்கு ஒயினைவிடப் பழச்சாறே பிடிக்கக்கூடும்.

டிசம்பர் 5 இரவு பிள்ளைகள் காலணியைத் துடைத்து வாசலில் வைக்கிறார்கள். புனித நிக்கோலஸ் நாளான மறுநாள் காலை அதில் இனிப்பு இருக்கும். பெரிய பரிசுகள் 24ஆம் தேதி மாலைதான்.

1934 முதல் 1936 வரை வெட்டப்பட்ட மாஷ் ஏரி கடுங்குளிரில் உறையும். பனிக்கட்டி 13 சென்டிமீட்டர் தடித்தால்தான் நகராட்சி சறுக்க அனுமதிக்கிறது; எல்லா ஆண்டும் அந்த வாய்ப்பு வாய்ப்பதில்லை.

விடுமுறைக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 24ஆம் தேதி பிற்பகலில் கடைகளை அடைத்துவிடுவார்கள், 25, 26 இரண்டுமே அரசு விடுமுறை. மளிகையை முன்பே வாங்கிவிடுவது நல்லது.