கேட்ட பொருளும் வேண்டிய பொருளும்

கோத்தகிரிக் கடைவீதியில் உள்ள ஓர் உரக்கடைக்குச் சிறு தேயிலை விவசாயி ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். "இரண்டு மூட்டை யூரியா வேண்டும்" என்கிறார். கடைக்காரர் மூட்டைகளைக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். வாணிபம் முடிந்தது. வந்தவருடைய குறை தீர்ந்ததா?

அவருடைய குறை உரம் இன்மை அன்று. போதிய வருமானம் இன்மை. தேயிலைக்கு அமில மண் உகந்ததே. எனினும் மண்ணின் அமில-காரக் குறியீடு 4.5-க்கும் 5.5-க்கும் இடையே இருத்தல் நலம். அதற்கும் கீழே இறங்கிவிட்டால், இட்ட உரத்தைச் செடி செவ்வனே ஏற்பதில்லை. யூரியாவைத் தொடர்ந்து இட்டாலோ அமிலம் மேலும் கூடும். அந்நிலையில் முதற்கண் வேண்டுவது டோலமைட் சுண்ணாம்பு. மண்ணைப் பரிசோதித்தாலன்றி இது விளங்காது.

செடி தழைத்துவிட்டால் போதுமா? போதாது. ஆள் கிடைக்காமல் பறிப்பு தள்ளிப்போனால் இலை முற்றிவிடும். பறித்ததைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிக் கெடும். நல்ல தேநீருக்கு வேண்டுவது இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட இளங்கொழுந்து அன்றோ? ஆகவே, "கவாத்து செய்து எத்தனை ஆண்டாயிற்று? எத்தனை நாளுக்கு ஒரு முறை பறிக்கிறீர்கள்? மண்ணைப் பரிசோதித்தீர்களா?" என்று வினவும் கடைக்காரரே தம் தொழிலை அறிந்தவர். அன்று அவர் ஒரு மூட்டை குறைவாக விற்கக்கூடும். ஆனால் விவசாயியின் தோட்டம் நொடித்தால், கடனுக்குக் கொடுத்த மூட்டையின் பணமும் திரும்பாது என்பதை அவர் அறிவார்.

விவசாயியும் ஒரு வகையில் வணிகரே. சோவியத் நாடு நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கி வந்த காலத்தில், வேறு நாட்டார் எத்தகைய தேயிலையை விரும்புகின்றனர் என்று ஆராயும் தேவை இங்கு அதிகம் எழவில்லை. 1991-இல் அந்நாடு சிதறியது. பிற காரணங்களும் சேர, 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தது. மலையெங்கும் சிறு விவசாயக் குடும்பங்கள் துன்புற்றன. அதன்பின் தேயிலை வாரியமும், குன்னூரில் உள்ள உபாசி வேளாண்மை அறிவியல் நிலையமும் தரமான கொழுந்து பறிக்கும் முறையை விவசாயிகளுக்குப் பயிற்றுவித்தன. வாங்குபவரின் தேவையைப் பற்றிய எண்ணம், விலை சரிந்த பின்னரே தோட்டம் வரை வந்து சேர்ந்தது.

மாணவ நண்பர்களே, வந்தவர் கேட்ட பொருளைக் கொடுப்பது எளிது. அவர் அதை ஏன் கேட்கிறார் என்று அறியச் சிறிது பொறுமை வேண்டும். அப்பொறுமையும் வணிகனுக்கு ஒரு முதலே.