ஹைதராபாத்துக்கு ஒரு பேக் போதுமா?

1999-இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வீடியோ கேமுக்கு ‘லண்டன் 1969’ என்றொரு எக்ஸ்பான்ஷன் பேக் வந்தது. அது தனியாக ஓடாது. பிளேஸ்டேஷனில் விளையாட மூல கேமின் வட்டும் கையில் இருந்தாக வேண்டும். கார் திருட்டு, துரத்தல், போலீசிடமிருந்து தப்பித்தல் என்று விதிகளெல்லாம் பழையவைதான். கற்பனை அமெரிக்க நகரங்கள் இருந்த இடத்தில் லண்டன் வந்தது, சாலையின் வலப்பக்கம் ஓடிய வண்டிகள் இடப்பக்கத்துக்கு மாறின, அந்தக் காலத்துக் கார்கள் தெருவுக்கு வந்தன, அவ்வளவே. அடியில் இயங்கும் நிரலை அப்படியே வைத்துக்கொண்டு ஊரை மட்டும் கழற்றி மாட்டலாம் என்பது அந்த வியாபாரத்தின் கணக்கு. விளையாட்டில் அது பலித்தது. தானாக ஓடும் கார்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சியிலும் இதே எண்ணம் தலைகாட்டுகிறது. ஹைதராபாத்தில் நடந்திருக்கும் வேலையைப் பார்த்தால், அங்கே அது செல்லாது என்றே சொல்லத் தோன்றுகிறது.

கேமுக்கும் நிஜக் காருக்கும் என்ன உறவு? கேமரா அனுப்பும் படத்தில் எது சாலை, எது மனிதர், எது மரம் என்று புள்ளி புள்ளியாகப் பிரித்தறிய கணினிக்குப் பயிற்சி வேண்டும். அதற்கு யாராவது உட்கார்ந்து ஆயிரக்கணக்கான படங்களில் ஒவ்வொரு பொருளின் எல்லையையும் வரைந்து பெயரிட வேண்டும். ஜெர்மன் நகரங்களைப் பெரும்பாலும் கொண்ட ‘சிட்டிஸ்கேப்ஸ்’ தொகுப்பில் ஒரு படத்துக்கு இதற்குச் சுமார் 90 நிமிடம் பிடித்தது. 2016-இல் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இன்டெல் ஆய்வகமும் சேர்ந்து ஒரு குறுக்குவழி கண்டன. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ ஓடும்போது கேமுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் இடையே போகும் தகவலை இடைமறித்தார்கள். ஒரு படத்தில் ஒரு துண்டைச் சாலை என்று குறித்தால், அதே வடிவமும் மேற்பூச்சும் வரும் மற்றப் படங்களில் குறிப்பு தானாகவே பரவியது. 24,966 படங்கள் 49 மணி நேரத்தில் தயாராயின. பழைய முறையில் ஒருவர் 12 ஆண்டுகளாவது உழைத்திருக்க வேண்டும். நிஜப் படங்களில் மூன்றில் ஒரு பங்கோடு கேம் படங்களைச் சேர்த்துப் பயின்ற கணினி, நிஜப் படங்கள் முழுவதையும் பயின்றதைவிட நன்றாகச் செய்தது. குற்ற விளையாட்டில் படித்த கார் குற்றம் செய்யாதா என்ற பயம் வேண்டாம். அது பார்த்தது தெருவை, கதையை அல்ல.

இனி ஹைதராபாத். கச்சிபௌலியில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல்லும் முன்னின்று, காரின் முன்புறம் கேமரா பொருத்தி ஹைதராபாத், பெங்களூரு நகரங்களிலும் புறநகர்களிலும் ஓட்டிப் படம் எடுத்தன. கிரீஷ் வர்மா, அன்புமணி சுப்ரமணியன், சி.வி. ஜவகர் உள்ளிட்டோர் 2019-இல் ஆய்வுக் கட்டுரையாக விவரித்த இந்தத் தொகுப்பில், 182 பயணங்களிலிருந்து எடுத்த 10,004 படங்கள் 34 வகைகளாகப் பெயரிடப்பட்டுள்ளன. ஆட்டோ, விலங்கு, விளம்பரப் பலகை ஆகியவை புதிதாகச் சேர்ந்தன. இவை எதிர்பார்த்தவைதான். என்னைக் கவர்ந்தவை வேறு சில பெயர்கள்: சாலை அல்ல ஆனால் வண்டி போகலாம் என்றொரு வகை, வண்டி போக முடியாத ஏனைய இடம் என்று இன்னொன்று, எந்தப் பட்டியலிலும் சேராத வாகனம் என்று மூன்றாவது. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் எல்லைக்கோடு இல்லாத ஊரில், சாலை என்பதன் இலக்கணமே மாறுகிறது. சிட்டிஸ்கேப்ஸில் கைதேர்ந்த முறைகள் இந்தப் படங்களில் மிகவும் தடுமாறின. வகைப்பாட்டையே திருத்தி எழுத வேண்டியிருந்தது என்பதே இங்கே முக்கியம். ஆட்டோ உருவத்தை கேமுக்குள் இறக்கிவிடலாம், நம் இளைஞர்கள் கேமைத் தாங்களே மாற்றியமைத்து (‘மாட்’ செய்து) பல காலமாக இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் இந்தத் திருத்தம் நடந்துவிடாது.

தோற்றம்தான் சிக்கல் என்றால் தொழில்நுட்பம் அதைத் தீர்த்துவிடுமே என்று கேட்கலாம். 2021-இல் இன்டெல் ஆய்வாளர்கள் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ காட்சிகளை நிஜப் படம்போல் மாற்றிக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் கற்பித்தது ஜெர்மன் நகரப் படங்களைக் கொண்டு. அதனால் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டி உருவான கற்பனை நகரின் காய்ந்த குன்றுகள் பசுமையாகிவிட்டன! எந்த ஊரின் படங்களைக் கொடுக்கிறோமோ அந்த ஊரின் சாயல்தான் வரும். ஹைதராபாத்தின் மெஹதிப்பட்டினத்துச் சாயல் வேண்டுமென்றால் முதலில் மெஹதிப்பட்டினத்தில் படம் எடுக்க வேண்டும். நடத்தை அதைவிடக் கடினம். கேமில் பிற வண்டிகள் முன்பே வரைந்த பாதைப் புள்ளிகளைத் தொடர்ந்து போகின்றன. சார்மினார் பக்கம் ஓட்டுபவர் வண்டியின் மூக்கை மெல்ல நுழைக்கிறார், எதிரே வருபவர் வேகத்தைக் குறைத்து இடம் விடுகிறார், நடந்து போகிறவர் கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே வருகிறார். கண்ணாலும் ஹாரனாலும் நடக்கும் இந்தப் பேரத்துக்குப் புள்ளி வரைந்து வைக்க முடியாது.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. விபத்தையும் கொட்டும் மழையையும் தெருவில் காத்திருந்தா பிடிப்பது? கேம் போன்ற சிமுலேட்டரில் நினைத்த நேரத்தில் வரவழைக்கலாமே? இதில் பாதி உண்மை. விபத்தை நிஜத்தில் நடத்திப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை; அதற்கு சிமுலேட்டரே சரி. சங்காரெட்டி மாவட்டம் கந்தியில், ஐ.ஐ.டி. ஹைதராபாத் வளாகத்தில் தானாக ஓடும் வாகனங்களுக்காக 2022-இல் திறக்கப்பட்ட ‘திஹான்’ சோதனைத் தளமும் இப்படிப் பாதுகாப்பாகத் தவறிப் பார்க்கத்தான். ஆனால் மழை, மூடுபனி, மங்கிய வெளிச்சம் ஆகியவற்றுக்காக ஐ.ஐ.ஐ.டி. குழு பின்னர் மறுபடியும் வெளியே போய், 5,000 இணைப் படங்களை எடுத்துவந்தது. கூடவே மதிப்பெண் முறையையும் மாற்றியது. வழக்கமான கணக்கில் பேருந்தை லாரி என்று நினைப்பதும் மனிதரைச் சாலை என்று நினைப்பதும் ஒரே அளவு தவறு. புதிய முறையில் இரண்டாவதற்குத் தண்டனை கடுமை. இந்தக் கணக்கில் தேறிய கணினிக்கு, அரிய விபத்துகளைக் காட்டுவதற்காக சிமுலேட்டரைத் திறப்பதில் ஆட்சேபம் இல்லை. சிமுலேட்டரில் மட்டும் பயின்று வந்ததை மெஹதிப்பட்டினம் பஸ் ஸ்டாப் பக்கம் விடச் சொன்னால்தான் தயக்கம்.