நவம்பர்க் காற்றில் ஏன் தூண்டில்?

பாரிஸின் லா ஷப்பல் கடைத்தெருவிலிருந்து ஸ்டாலின்கிராட் பக்கம் கொஞ்சம் நடந்தால் வில்லெத் நீர்நிலை. 1808இல் திறந்த கால்வாய்த் தேக்கம் அது. நவம்பர்க் காற்று காதை அறுக்கும்போதும் சிலர் தூண்டிலோடு நிற்பார்கள். அவர்கள் காத்திருப்பது 'ப்ரோஷே' மீனுக்கு. நம் சீலாவைப் போல நீண்ட தாடை, விராலைப் போலப் பதுங்கிப் பாயும் குணம்.

குளிரில் ஏன்? 20 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 5 பாகையில் அது 13ஐ நெருங்கும். கோடையில் திணறும் மீனுக்கு இப்போது மூச்சு தாராளம். பெண்மீனின் வயிற்றில் சினை வளரும் காலமும் இதுதான். அதற்குத் தீனி வேண்டும்.

காற்றும் கைகொடுக்கிறது. சிற்றலைகள் ஒளியைச் சிதறடிப்பதால், பதுங்கியிருப்பவன் குஞ்சுமீன்களின் கண்ணுக்குத் தப்புகிறான். முதுகுத்துடுப்பு வால் பக்கமாகத் தள்ளி அமைந்திருப்பதால் ஒரே உந்தில் அம்பாகப் பாய்வான்.

ஆனால் மீன் குளிர்இரத்தப் பிராணி. நீர் குளிரக் குளிரச் செரிமானம் மந்தமாகும். வேகமாக ஓடும் இரையைத் துரத்தி வலுவை வீணாக்காது. அதனால் போலி இரையை மெதுவாக இழுத்து, நிறுத்தி, மீண்டும் இழுப்பார்கள். பல சமயம் அந்த நிறுத்தத்தில்தான் நூல் திடீரெனக் கனக்கும். கூரிய பற்கள் நைலானை அறுத்துவிடும் என்பதால் நுனியில் உலோகக் கம்பி கட்டியிருப்பார்கள்.