உஷார்! கைக்குழந்தை, படிப்பு, பார்ட் டைம் வேலை: குறி உங்களுக்குத்தான்!

“இல்லத்தரசிகளுக்கு அரிய வாய்ப்பு! தினமும் இரண்டு மணி நேரம் போதும். செல்போன் இருந்தால் போதும்!”

இந்த மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். வராவிட்டால் இனி வரும். கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு, தொலைநிலைக் கல்வியில் டிகிரியும் படித்துக்கொண்டு, ஃபீஸுக்காக ஒரு பார்ட் டைம் வேலை தேடுகிறீர்களா? மோசடிக்காரர்கள் தேடும் ஆளே நீங்கள்தான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? குழந்தை தூங்கும் ஒரு மணி நேரத்தில் அசைன்மென்ட் எழுத வேண்டும், துணி காயப்போட வேண்டும், வேலையும் தேட வேண்டும். நாலு பேரிடம் விசாரிக்க ஏது நேரம்? “இந்த வயசுல உன்னை யாரு படிக்கச் சொன்னா?” என்ற கேள்வி வேறு வீட்டில் காத்திருக்கிறது. அதனால் யாரிடமும் மூச்சு விடாமல் சமாளிக்கப் பார்ப்போம். அந்த அவசரமும் மௌனமும்தான் மோசடிக்காரனுக்கு முதலீடு.

முதலில் பணம் வரும்!

இங்கேதான் பலர் விழுகிறார்கள். யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, கூகுள் மேப்பில் ஏதோ ஒரு ஓட்டலுக்கு ஐந்து ஸ்டார் கொடு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பு என்பார்கள். நிஜமாகவே 150 ரூபாய் கணக்கில் ஏறும். அடுத்து டெலிகிராம் குரூப். “இன்னிக்கு எனக்கு 8,000 வந்துச்சு, தேங்க்ஸ் மேடம்” என்று பெண்கள் பெயரில் வரிசையாக மெசேஜ் விழும். அத்தனையும் அவர்கள் செட்டப்.

பிறகு ‘ப்ரீபெய்டு டாஸ்க்’. 1,000 கட்டினால் 1,300 என்பார்கள், அதுவும் வரும். 5,000, 20,000 என்று ஏறும்போது லாபம் ஒரு வெப்சைட்டில் வெறும் எண்ணாக மட்டும் தெரியும். எடுக்கப் போனால், “டாஸ்க்கில் தப்பு பண்ணிட்டீங்க, 50,000 கட்டினால்தான் ரிலீஸ் ஆகும்” என்பார்கள். அடுத்து ‘வரி’ என்பார்கள். போட்டதை மீட்கத்தான் மேலும் மேலும் போடுகிறோம். நகை அடகுக்கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

2023 டிசம்பரில் இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட வெப்சைட்களை முடக்கியதாக மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்தது. ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் ஆகியோரையே இந்தக் கும்பல்கள் குறிவைப்பதாகவும் சொன்னது. ஒன்றை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று திறக்கிறது.

டைப்பிங் வேலையா?

‘டேட்டா என்ட்ரி’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேலையை முடித்துக் கொடுத்ததும், “தப்பு அதிகம், நஷ்டஈடு கட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ‘வக்கீல் நோட்டீஸ்’ வரும். பயந்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வேலை கொடுப்பவர் சம்பளம்தான் தர வேண்டும். உங்களிடம் பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று கேட்டாலே அது வேலை அல்ல.

இன்னும் ஆபத்தானது, “உங்க அக்கவுன்ட்டுக்குப் பணம் வரும், மாத்தி விட்டா கமிஷன்” என்பது. அது வேறொருவரிடம் சுருட்டிய பணம். கணக்கு முடங்கும், போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

படிப்பிலும் பொறி!

“ஒரே சிட்டிங்கில் டிகிரி, பரீட்சைக்கு வர வேண்டாம்” என்ற நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். டிகிரிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) குறைந்தபட்சக் காலம் நிர்ணயித்திருக்கிறது. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை. பணம் கட்டுமுன் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமல்ல, நீங்கள் சேரும் பாடமும் அந்த ஆண்டுக்கு அனுமதி பெற்றதா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசி வெளியிடுகிறது. ஃபீஸைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தெருமுனை ‘சென்டர்’காரரின் ஜிபே நம்பருக்கு வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்?

ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு பறப்பதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். வங்கிக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். அவமானமாக இருக்கிறதென்று சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். போன் நம்பர், யுபிஐ ஐடி, பணம் அனுப்பிய ரசீது எல்லாம் சாட்சி. “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று அடுத்து ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏமாந்த பெண் அழுதுகொண்டே வந்து சொல்லும்போது, “எங்ககிட்ட ஏன் கேக்கல?” என்று ஆரம்பிக்காதீர்கள். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் 1930!