சிரட்டையில் விளையும் செந்தமிழ்

நவராத்திரி நெருங்கும் வேளையில் மார்த்தாண்டம் வட்டாரத்து மக்கள் சாலையோரத்தில் குத்துவிளக்கேற்றி, தட்டில் பழமும் பூவும் வைத்துக் காத்து நிற்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டுச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று தெய்வங்களும் திருவனந்தபுரத்து விழாவுக்கு எழுந்தருளும் வழி அது. முதல் நாள் இரவு குழித்துறை மகாதேவர் ஆலயத்தில் தங்கல். மறுநாள் களியக்காவிளை எல்லையைக் கடந்து நெய்யாற்றின்கரை. அதன் பின்னரே திருவனந்தபுரம்.

திருவிதாங்கூரின் தலைநகராகப் பத்மநாபபுரம் விளங்கிய நாளில் அங்கேயே நடைபெற்ற விழா இது. தலைநகர் இடம் மாறிய பின் தெய்வங்கள் ஆண்டுதோறும் பயணம் போய் வருகின்றன. யாத்திரையில் எழுந்தருளும் சரஸ்வதி, கவிச்சக்கரவர்த்தி கம்பர் பூசித்த திருமேனி என்றும், தம் இறுதிக் காலத்தில் அவர் அதைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும் மரபு சொல்கிறது. தமிழ்க் கவிஞரின் தெய்வத்துக்கு மலையாள நாட்டின் தலைநகரில் ஒன்பது நாள் பூசை! கம்பரின் கலைமகள் ஓர் இரவு தங்கிச் செல்லும் ஊர் என்ற பெருமை குழித்துறைக்கும், அதை ஒட்டிய மார்த்தாண்டத்துக்கும் உண்டு.

விழாவின் நிறைவில் வரும் விஜயதசமியன்று குழந்தையை மடியில் அமர்த்தி, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பார்கள். பொன் மோதிரத்தால் நாவில் எழுதும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு. படம் எடுக்கப்படும். பாயசம் பரிமாறப்படும். அந்தக் குழந்தை தமிழில் இரண்டாவது எழுத்தை எழுதுவது எப்போது என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இராது. மகன் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருப்பான். பேரன் ஆங்கிலப் பள்ளியில் படிப்பான். உள்ளூரிலேயே வளரும் பிள்ளைகளின் நிலையும் பெரிதாக வேறுபடவில்லை. தமிழ் பேசுவார்கள், கோயில் வாசலில் இருக்கும் பலகையைப் படிக்கச் சொன்னால் தாயின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்த ஊரில் இப்படி நேர்வது கூடுதலாக வருத்துகிறது. மார்த்தாண்டத்தின் பழம்பெயர் தொடுவெட்டி. தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று இங்கும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. மலையாளப் பள்ளியில் படித்துவிட்டு, தமிழ் எழுத்தை வீட்டிலும் கோயிலிலுமாகத் தாமே கற்றுக்கொண்ட முதியவர்கள் விளவங்கோட்டில் இன்றும் இருக்கிறார்கள். பள்ளி தராத எழுத்தை வீடு தந்த காலம் அது. இப்போது மீண்டும் வீட்டின் முறை வந்திருக்கிறது.

வீடு கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் கடந்த சான்று உண்டு. 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்கள் அங்கே மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பினார்கள். காவடியும் தீமிதியும் இன்றளவும் குறைவில்லாமல் நடக்கின்றன. ஆனால் அவர்தம் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள் பலர். பக்தியில் அவர்களுக்குக் குறை சொல்ல யாராலும் இயலாது. கோயிலைக் காத்தவர்களின் கையிலிருந்தே மொழி நழுவிவிட்டது என்பதுதான் கவலை தருவது. பாட்டி கைப்பட எழுதிவைத்திருக்கும் பாட்டு நோட்டுப் புத்தகம் ஒன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பூசை அலமாரியில் இருக்கிறது. அதை அடுத்துத் திறக்கப் போகிறவர் யார்?

எழுத்தைக் கற்பிக்க விலை கொடுத்து வாங்கும் கருவி ஏதும் வேண்டியதில்லை என்பதை நம் திண்ணைப் பள்ளி ஆசான்கள் அறிந்திருந்தார்கள். தரையில் மணலைப் பரப்பி, மாணவனின் விரலாலேயே எழுதச் செய்தார்கள். ஓலைக்கும் எழுத்தாணிக்கும் அவன் போவது கை பழகிய பிறகுதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் அதைக் கைக்கொண்டார். அதுபற்றி அவர் எழுதிய நூல் 1797-இல் லண்டனில் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயராலேயே அதைக் கற்றார்கள். பின்னாளில், 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, குழந்தைகளின் விரலால் தடவச் செய்யும் முறையை வகுத்தவர். கண்ணுக்கு முன்னே விரல் எழுத்தை அறிந்துகொள்கிறது என்பதே இவை அனைத்துக்கும் அடிப்படை. அரிசித் தாம்பாளத்தில் நாம் ஒரே ஒரு நாள் செய்வதும் அதைத்தான்.

மீதி நாட்களுக்கான பொருள்களை வீட்டில் தேடினால் போதும். குமரி மாவட்டத்து அடுக்களையில் தேங்காய்ச் சிரட்டைக்கா பஞ்சம்? (சிரட்டை என்பது இப்பகுதி வழக்கு. வடக்கே கொட்டாங்கச்சி என்பார்கள்.) 12 சிரட்டைகளைச் சுரண்டி வழவழப்பாக்கி, புறத்தே சுண்ணாம்பால் உயிரெழுத்துகளை எழுதிக் கவிழ்த்து வைக்கலாம். அ என்ற சிரட்டையின் அடியில் அரிசி, இ என்பதன் அடியில் இலை, உ என்பதன் அடியில் உப்பு, ஓ என்பதன் அடியில் ஓலைத் துண்டு. பிள்ளை பொருளின் பெயரைச் சொல்லிய பின் சிரட்டையைத் திறந்து பார்க்க வேண்டும். ஐ, ஔ இரண்டுக்கும் பொருள் தேடுவது சற்றுச் சிரமம்தான். தாத்தா தம் ஐந்து விரலைக் காட்டியும், ஔவையார் படத்தை வைத்தும் சமாளித்துக்கொள்ளலாம்.

புளி உடைக்கும் காலத்தில் சேரும் புளியங்கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, தரையில் கோலப்பொடியால் பெரிதாக எழுதிய எழுத்தின் மேல் வரிசையாக அடுக்கச் செய்யலாம். எழுத்து எங்கே தொடங்கி எப்படிச் சுழிக்கிறதோ அதே வழியில் அடுக்க வேண்டும் என்பது கண்டிப்பு. மஞ்சாடி முத்து கிடைத்தால் இன்னும் அழகு. குன்றிமணி மட்டும் வேண்டாம். அதன் பருப்பு கொடிய நஞ்சு. மிகச் சிறு குழந்தைகள் எந்த விதையையும் வாயில் இட்டுக்கொள்வார்கள் என்பதால், பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்தே தீர வேண்டும்.

உயிர்மெய் எழுத்துகளில்தான் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். 216 என்ற எண்ணைக் கேட்டதுமே மலைப்பு. இதற்கு ஒரு காலி ஊதுபத்திப் பெட்டியும் பழைய கல்யாண அழைப்பிதழும் துணை செய்யும். பெட்டியை நிமிர்த்திப் பிடித்து, முகப்பின் நடுவில் க என்று எழுதி, அதன் இருபுறமும் சிறு சாளரம் வெட்ட வேண்டும். அழைப்பிதழ் அட்டையை நீளவாக்கில் நறுக்கி, பெட்டிக்குள் மேலும் கீழும் நகரும்படி செருக வேண்டும். அட்டையில் எட்டு வரிகள். முதல் வரியில் இருபுறமும் வெற்றிடம். அப்போது தெரிவது க. அடுத்த வரியில் வலப்புறம் மட்டும் கால், அது கா. பிறகு இடப்புறம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்று வர, கெ, கே, கை என மாறும். கொம்பும் காலும் இருபுறமும் சேர்ந்தால் கொ, கோ. ஒற்றைக்கொம்போடு வலப்புறம் ள போன்ற குறி நின்றால் கௌ. எழுத்துக்குக் கொம்பும் காலும் முளைப்பதைக் கண்டு சிரிக்காத பிள்ளை இல்லை.

க-வின் மேல் வேறோர் எழுத்தை ஒட்டினால் அடுத்த வரிசை தயார். 18 மெய்களுக்கும் இப்படிச் செய்தால் 144 எழுத்துகள் ஒரே பெட்டியில் அடங்கிவிடும். எஞ்சுவன இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72. இவற்றில் குறி எழுத்தின் உடலோடு ஒட்டிவிடும். கு, சு, டு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். எந்தப் பெட்டியும் அதற்கு உதவாது. மணலிலும் பலகையிலும் எழுதி எழுதித்தான் கை பழக வேண்டும்.

இவ்விடத்தில் முதியோர் ஒன்றை நினைவில் கொள்ளுதல் நலம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணை, லை, ளை, னை நான்கும் அதற்குமுன் தலையில் யானைத் தும்பிக்கை போன்ற சுழியோடு எழுதப்பட்டன. ணா, றா, னா முதலியவற்றில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு இணைந்திருந்தது. பாட்டியின் நோட்டுப் புத்தகம் பெரும்பாலும் அந்தப் பழைய வடிவில்தான் இருக்கும். பேரன் புதிய எழுத்தைப் பழகிய பிறகு, 13 அட்டைகளில் பழையதை ஒருபுறமும் புதியதை மறுபுறமும் எழுதிக் காட்டினால், அந்த நோட்டு அவனுக்கும் திறந்துகொள்ளும். எந்தப் பள்ளியிலும் இது பாடமில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரால் மட்டுமே தரக்கூடியது.

எழுத்திலிருந்து சொல்லுக்குப் போக, இந்த மண்ணுக்கே உரிய சிவாலய ஓட்டத்தைவிடச் சிறந்த விளையாட்டு கிடையாது. பழைய தினசரிக் காலண்டரின் தடித்த அட்டையில் ஒரு வளைந்த பாதை வரைந்து, அதில் 12 கோயில்களைக் குறிக்க வேண்டும்: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். புளியங்கொட்டையே ஓடும் பக்தர். கோயிலின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவர்தாம் அடுத்த கோயிலுக்கு நகரலாம். 12 பெயர்களில் எட்டு ‘தி’ என்ற எழுத்தில் தொடங்குகின்றன. நான்கு ‘கோடு’ என்று முடிகின்றன. ஆகவே இரண்டாவது ஆட்டத்துக்குள் பிள்ளையின் கண் பாதிப் பெயரைத் தானே பிடித்துவிடும். மகாசிவராத்திரியில் பக்தர்கள் ஏந்தி ஓடும் ஓலை விசிறிக்கு ஈடாக, மிஞ்சிய அட்டையில் ஒரு விசிறி. ‘கோவிந்தா கோபாலா’ என்று கூவியபடி பீமன் ஓடிய கதையையும், புருஷாமிருகம் துரத்திய கதையையும் பாட்டி சொல்ல, ஆட்டம் நீளும். சிவாலயத்துக்கு ஓடுகிறவர் ஏன் திருமாலின் பெயரைக் கூவுகிறார் என்று பேரன் கேட்பான். திருநட்டாலத்தில் எழுந்தருளியிருக்கும் சங்கரநாராயணர்வரை அந்தப் பதிலைத் தள்ளிவைத்தால் சுவை கூடும்.

இவற்றையெல்லாம் செய்கையில் பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். பொருளின் பெயரும் ஊர் வழக்கிலேயே இருக்கட்டும். பாக்கு மரத்தைக் கமுகு என்றும், பலாப்பழத்தைச் சக்கை என்றும், மரவள்ளியை மரச்சீனி என்றும் சொல்லும் நாக்கு, நகரத்தில் வளரும் பிள்ளைக்கு இங்கன்றி வேறெங்கே வாய்க்கும்? கமுகம்பாளையில் பேரனை அமர்த்தி முற்றத்தில் இழுத்துவிட்டு, ‘பாளை’யில் எத்தனை எழுத்து என்று கேட்கலாம். தாத்தாவை இவ்வட்டாரத்தார் ‘பாட்டா’ என்றும் அழைப்பார்கள். அந்த அழைப்பைக் கேட்கவே சிலர் முதுகுவலியையும் மறந்து இழுப்பார்கள்.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு இந்தச் சிரட்டைகளையும் ஊதுபத்திப் பெட்டியையும் காலண்டர் அட்டையையும் மஞ்சள் குங்குமமிட்டு வைப்பது பொருத்தமே. மறுநாள் எடுத்து, பாட்டியின் நோட்டிலிருந்து ஒரே ஒரு வரியைப் படிக்கச் சொல்லலாம். அதிகம் கேட்டால் ஓடிவிடுவான்.

விடுமுறை முடிந்து பேரன் ரயிலேறும் நிலையத்தின் பெயர் குழித்துறை. மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு அதுவே நிலையம். நடைமேடையின் மஞ்சள் பலகையில் அந்தப் பெயர் தமிழிலும் பெரிதாக இருக்கிறது. கு, ழி, த், து, றை என ஐந்து எழுத்துகள். அவற்றில் ஊதுபத்திப் பெட்டியால் செய்யக்கூடியது கடைசி எழுத்து மட்டுமே. மற்ற நான்கும் தாத்தாவின் மணலிலிருந்து வர வேண்டியவை. வண்டி வர ஐந்து நிமிடம் இருக்கையில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பலகையைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.