யுரேனசின் உள்ளமைப்பும் ஈர்ப்பு அளவீடும்

பெருங்கோள் ஒன்றின் உட்பகுதியை நேரில் காண இயலாது. அதன் ஈர்ப்புப் புலத்தை அளந்து, உள்ளே நிறை எவ்வாறு பரவியுள்ளது எனக் கணிப்பதே முதன்மையான வழி. யுரேனசுக்கு இவ்வழியைத் திறந்த 1977-ஆம் ஆண்டு நோக்குகளில் ஒன்று, திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள சவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் செய்யப்பட்டது.

காவலூர் நோக்கு

1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளி சற்று நேரம் மங்கியதைப் பதிவு செய்தனர். மறைத்தது புதிய துணைக்கோள் எனக் கருதினர். கைப்பர் பறக்கும் வானாய்வகத்தில் இருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியட் குழுவினர் கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் ஒளி மங்கியதைக் கண்டனர். எனவே மறைத்தவை குறுகிய வளையங்கள் என்பது தெளிவாயிற்று.

வளையம் அளவுகோலாதல்

இவ்வளையங்களுள் சில சற்றே நீள்வட்டமானவை. கோள் சீரான கோளவடிவில் இருந்தால் அந்நீள்வட்டத்தின் திசை மாறாது. யுரேனசு தன் சுழற்சியால் நடுவில் பருத்திருப்பதால் அது மெல்லத் திரும்புகிறது. வெளியே உள்ள எப்சிலான் வளையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.36 பாகையும், உள்ளே உள்ள 6-ஆம் வளையம் 2.76 பாகையும் திரும்புகின்றன. வெவ்வேறு தொலைவுகளில் உள்ள வேகங்களை ஒப்பிட்டு ஜே2, ஜே4 என்னும் ஈர்ப்புக் குணகங்கள் பிரித்தறியப்படுகின்றன. ஜே2 கோளின் நடுப்பருமனைக் குறிக்கும். ஜே4 வெளி அடுக்குகளின் நிறையை மிகுதியாகக் காட்டும்.

மாதிரி உருவாக்கம்

முதலில் பாறை, நீர்-மீத்தேன்-அமோனியா கலவை, ஐதரசன்-ஈலியம் ஆகிய அடுக்குகளைக் கருதிக்கொள்வர். கோளின் நிறை (புவியைப் போல் 14.5 மடங்கு), ஆரம், வொயேசர் 2 விண்கலம் 1986-இல் அளித்த 17.24 மணி சுழற்சிக்காலம் ஆகியவற்றைக் கொண்டு குணகங்களைக் கணிப்பர். அவை அளவீட்டோடு பொருந்தும்வரை அடுக்குகளை மாற்றுவர்.

யுரேனசு முழுதும் ஒரே அடர்த்தி உடையதாயின் ஜே2 ஏறத்தாழ 0.015 ஆக இருக்கும். அளந்த மதிப்போ 0.0035 மட்டுமே. ஆகவே நிறை மையத்தை நோக்கிப் பெரிதும் செறிந்துள்ளது.

வரம்பு

மையத்திற்கு மிக அருகில் உள்ள நிறை இக்குணகங்களைச் சிறிதளவே மாற்றும். எனவே தெளிவான பாறை உள்ளகம் கொண்ட மாதிரியும், பாறையும் பனியும் படிப்படியாகக் கலந்த மாதிரியும் ஒரே அளவீட்டுக்குப் பொருந்துகின்றன. இவற்றுள் எது சரி என்பதை நெருங்க, கோளைச் சுற்றிவந்து ஈர்ப்பை இன்னும் நுட்பமாக அளக்கும் விண்கலம் தேவை. 2022-இல் வெளியான அமெரிக்கக் கோளறிவியல் பத்தாண்டுத் திட்ட அறிக்கை, யுரேனசுச் சுற்றுக்கலனைப் பெருந்திட்டங்களுள் முதலிடத்தில் வைத்தது.